ஈரச் சாலையும் சிக்கன டயரும்

(வடகிழக்குப் பருவமழைக்கு முன், திருவொற்றியூரில் கார் வைத்திருப்போரும் வாடகை வண்டி ஓட்டுநர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



டயரைப் பற்றிப் பேசுவதற்குத் தமிழ்நாட்டில் இதைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. 1946-இல் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை இதே திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கினார். 1952-இல் டிரெட் ரப்பருக்கு வந்தார். தேய்ந்த டயரின் மேல் புதிதாக ஒட்டுகிற ரப்பர் அது. 1961-இல் அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்டு நிறுவனத்தோடு சேர்ந்து டயரே செய்ய ஆரம்பித்தார். அதுதான் எம்ஆர்எஃப். பக்கத்து எண்ணூரில் 1940-களின் கடைசியிலேயே அசோக் மோட்டார்ஸ் ஆஸ்டின் ஏ40 கார்களைக் கோத்து வெளியே விட்டது. 1950-களின் நடுவில் என்ஃபீல்டு புல்லட்டும் இங்கே வந்துவிட்டது. காரும், மோட்டார் சைக்கிளும், டயரும் செய்து நாட்டுக்கே அனுப்பிய பேட்டை இது. உங்களில் பலருடைய அப்பாவும் தாத்தாவும் அந்த ஆலைகளில் ஷிஃப்ட் பார்த்தவர்கள்.

அப்படிப்பட்ட ஊரிலும் டயர் கடை வாசலில் நாம் கேட்பது இரண்டே கேள்விதான். என்ன விலை? எத்தனை கிலோமீட்டர் ஓடும்? மழையில் பிரேக் அடித்தால் எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்று யாரும் கேட்பதில்லை. கடைக்காரரும் சொல்வதில்லை. நான் இன்று பேச வந்தது அந்த மூன்றாவது கேள்வியைப் பற்றி. ஈரத்தில் நன்றாகப் பிடிக்கிற டயர் என்றால் விலை எக்கச்சக்கம் என்று ஒரு நினைப்பு நம்மிடம் இருக்கிறது. அது தவறு. நடுத்தர விலை டயரிலேயே போதுமான ஈரப் பிடி கிடைக்கும். எதைப் பார்த்து வாங்குவது, வாங்கியதை எப்படி வைத்துக்கொள்வது என்பதில்தான் நாம் கோட்டை விடுகிறோம்.

முதலில் நம் சாலையைச் சொல்ல வேண்டும். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்றே மாதத்தில் கொட்டித் தீர்க்கிறது. அது நகரம் முழுவதற்கும் பொது. ஆனால் எண்ணூர் விரைவுச் சாலையிலும், மணலிச் சாலையிலும், ராயபுரத்துத் துறைமுக வாசல்களிலும் ஈரத்தின் தன்மையே வேறு. துறைமுகத்துக்குள் போகக் காத்து வரிசையில் நின்ற டிரெய்லர்களிலிருந்து டீசலும் ஆயிலும் சொட்டியிருக்கும். காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றிப் போகிற வண்டி ஐஸ் தண்ணீரையும் மீன் கழிவு நீரையும் வழியெல்லாம் விட்டுக்கொண்டே போகும். அனல்மின் நிலையப் பக்கம் சாம்பல் தூசி. வெயில் காலம் முழுக்க இவையெல்லாம் தார்ச் சாலையின் துளைகளில் இறங்கிக் கிடக்கும். முதல் தூறல் விழுந்ததும் மேலே மிதந்து வந்து சாலை முழுக்க வழவழவென்று பூசிக்கொள்ளும்.

பெருமழை ஒரு மணி நேரம் அடித்துப் பெய்தால் சாலை கழுவப்பட்டு ஓரளவு பிடி திரும்பிவிடும். பயப்பட வேண்டியது தூறல் தொடங்கிய முதல் சில நிமிடங்களுக்குத்தான். அப்போதுதான் "இன்னும் மழையே வரலையே" என்று நாம் அதே வேகத்தில் போய்க்கொண்டிருப்போம்.

இப்போது ஒரு கணக்கு. ஆட்களோடு சேர்த்து 1,300 கிலோ எடையுள்ள ஒரு சிறிய கார். சக்கரம் ஒன்றுக்கு 325 கிலோ. காற்று 33 பி.எஸ்.ஐ. என்றால், ஒரு டயர் சாலையைத் தொடுகிற பரப்பு ஏறக்குறைய 140 சதுர சென்டிமீட்டர். உங்கள் உள்ளங்கையை விரித்துப் பாருங்கள், கிட்டத்தட்ட அவ்வளவுதான். நான்கு உள்ளங்கையை நம்பித்தான் குடும்பத்தோடு கார் ஓடுகிறது.

60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது முன்னால் ஒரு டிரெய்லர் திடீரென்று நிற்கிறது. நல்ல டயருக்கு ஈரச் சாலையில் உராய்வுக் கெழு 0.5 என்று வைத்துக்கொள்வோம். பிரேக் பிடித்த இடத்திலிருந்து 28 மீட்டரில் வண்டி நின்றுவிடும். டயர் தேய்ந்தோ, காய்ந்து இறுகியோ அது 0.35-ஆகக் குறைந்தால் 40 மீட்டர் ஆகும். வித்தியாசம் 12 மீட்டர். நாற்பது அடி கன்டெய்னர் ஒன்றின் நீளம். நல்ல டயர் போட்ட கார் நின்று முடித்த இடத்தைத் தாண்டி இன்னொரு முழுக் கன்டெய்னர் தூரம் தேய்ந்த டயர் கார் வழுக்கிக்கொண்டு போகும். டிரெய்லர்களின் பின்பக்கத் தளம் நம் காரின் கண்ணாடி உயரத்தில் இருப்பது உங்களுக்குத் தெரியும். இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

ஈரப் பிடி என்று ஒரே வார்த்தையில் சொல்கிறோமே தவிர, அதில் இரண்டு தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் டயர் வாங்குவது பிடிபடும்.

ஒன்று, சாலை நனைந்திருக்கிறது, தண்ணீர் தேங்கவில்லை. ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு ஈரப் படலம். இங்கே வேலை செய்வது ரப்பரின் கலவை. காய்ந்த சாலையில் ரப்பர் கல்லோடு ஒட்டிக்கொள்ளும். ஈரத்தில் அந்த ஒட்டல் பெரிதும் போய்விடுகிறது. மிச்சம் இருப்பது, ரப்பர் ஒவ்வொரு சின்னக் கல்லின் மேடு பள்ளத்துக்குள்ளும் அமுங்கி இறங்கி, அந்த வேலையில் சக்தியை விழுங்குவதால் வருகிற பிடி. அப்படி விழுங்குகிற ரப்பர் மழையில் நன்றாக நிற்கும். ஆனால் ஓடும்போதும் அதே மாதிரி சக்தியை விழுங்குவதால் பெட்ரோல் குடிக்கும். சீக்கிரம் தேயவும் கூடும். பிடி, எரிபொருள், ஆயுள் மூன்றில் ஒன்றை இழுத்தால் மற்றொன்று விட்டுப் போகும் என்பதுதான் டயர்க்காரர்களின் நூறு வருடத் தலைவலி.

அந்தத் தலைவலிக்கு 1990-களின் தொடக்கத்தில் ஒரு மருந்து கிடைத்தது. டயர் கறுப்பாக இருப்பதற்குக் காரணமான கார்பன் பிளாக்கில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, சிலிகாவை, அதாவது மணலின் மூலப்பொருளை மிக நுண்ணிய தூளாகச் சேர்த்தார்கள். மிஷெலின் 1992-இல் அப்படியொரு டயரைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. சிலிகா ரப்பரோடு சுலபத்தில் சேராது. நடுவில் ஒரு வேதிப்பொருளைப் போட்டு இரண்டையும் பிணைக்க வேண்டும். பிணைந்துவிட்டால், பிரேக் அடிக்கும்போது சக்தியை நிறைய விழுங்கும், சும்மா உருளும்போது குறைவாக விழுங்கும். அப்போது புதிதாக வந்த இந்தச் சிலிகா கலவை இன்று நடுத்தர விலை டயர்களுக்கும் வந்துவிட்டது. கடையில் "இந்த மாடல்ல சிலிகா காம்பவுண்டா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் கம்பெனி விளக்கத் தாளைக் காட்டச் சொல்லுங்கள்.

ஒரே கம்பெனியிலேயே ஆயுளுக்கு ஒரு மாடல், பிடிக்கு ஒரு மாடல் என்று தனித்தனியாகச் செய்கிறார்கள். சீயட்டில் மைலேஸ் என்பது அதிக கிலோமீட்டர் ஓடுவதற்கென்று விற்கப்படுவது, செக்யூராடிரைவ் கட்டுப்பாட்டையும் பிரேக்கையும் சொல்லி விற்கப்படுவது. அப்போலோவில் அமேசர் 4ஜி லைஃப் ஒரு பக்கம், ஆல்னாக் 4ஜி இன்னொரு பக்கம். எந்தக் கம்பெனியையும் சிபாரிசு செய்ய நான் வரவில்லை. பெயர்ப் பலகையைப் பார்த்து வாங்காதீர்கள், அந்த மாடல் எதற்காகச் செய்யப்பட்டது என்று பார்த்து வாங்குங்கள் என்பதற்காகச் சொல்கிறேன். வாடகை வண்டி ஓட்டும் தம்பிகள் பெரும்பாலும் ஆயுள் டயரைத்தான் எடுக்கிறார்கள். தவணை கட்டுகிறவரின் நெருக்கடி எனக்குப் புரிகிறது. ஆனால் பம்பரும் ஹெட்லைட்டும் ஒரு தடவை நொறுங்கினால் ஆகிற செலவையும், வண்டி ஷெட்டில் கிடக்கும் நாட்களின் வருமானத்தையும் அந்தக் கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.

இனி இரண்டாவது விஷயம், தேங்கிய தண்ணீர். இங்கே ரப்பர் கலவைக்குப் பெரிதாக வேலை இல்லை. டயரில் பட்டன்களுக்கு நடுவே ஓடுகிற காடிகள்தான் தண்ணீரை வாங்கி வெளியே தள்ள வேண்டும். தள்ள முடியாத வேகத்தில் போனால் டயருக்கும் சாலைக்கும் நடுவில் தண்ணீர் ஆப்பு மாதிரி நுழைந்து வண்டியைத் தூக்கிவிடும். ஸ்டியரிங் திடீரென்று லேசாகிவிடும், திருப்பினாலும் வண்டி கேட்காது.

இதை முதலில் கணக்குப் போட்டுச் சொன்னவர்கள் விமானக்காரர்கள். அமெரிக்காவின் நாசாவில் வால்டர் ஹார்ன் என்பவரும் அவருடைய சகாவும் 1963-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். விமானம் நனைந்த ஓடுபாதையில் எந்த வேகத்தில் மிதக்கத் தொடங்கும் என்பது டயரின் காற்றழுத்தத்தைப் பொறுத்தது என்றார்கள். அவர்கள் சூத்திரத்தை நம் அளவுக்கு மாற்றினால், பி.எஸ்.ஐ.-யின் வர்க்கமூலத்தைச் சுமார் 16.7-ஆல் பெருக்க வேண்டும். 33 பி.எஸ்.ஐ.-க்கு 96 கிலோமீட்டர் வேகம் வருகிறது. காற்று 25-க்கு இறங்கினால் 83 கிலோமீட்டரிலேயே மிதந்துவிடும். கார் டயருக்கு இது தோராயம்தான். தேய்ந்த டயர் இதற்கும் கீழேயே மிதக்கலாம். ஆனால் இதிலிருந்து தெரிவது ஒன்று. காற்றைச் சரியாக வைத்தாலே மழைப் பாதுகாப்பு கூடுகிறது. அதற்குச் செலவு ஒன்றுமில்லை. எவ்வளவு வைக்க வேண்டும் என்று ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டில் போட்டிருக்கிறது. பங்க் தம்பி கண்ணளவில் வைப்பதை விட்டுவிட்டு அந்த அளவைச் சொல்லி வையுங்கள். டயர் சூடாவதற்கு முன், காலையில் வைப்பது நல்லது.

அகலமான டயர் போட்டால் பிடி கூடும் என்று இளைஞர்கள் அலாய் வீலோடு பெரிய அளவு டயர் மாட்டுகிறார்கள். காய்ந்த சாலையில் கொஞ்சம் பலன் இருக்கலாம். தேங்கிய தண்ணீரில் அகல டயர் அதிகத் தண்ணீரை விலக்க வேண்டியிருக்கிறது, சீக்கிரம் மிதக்கிறது. கம்பெனி கொடுத்த அளவே போதும். அதுதான் விலையும் குறைவு.

காடியின் ஆழத்துக்கு வருவோம். சட்டப்படி கார் டயரில் 1.6 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். காடிக்குள் விரலை விட்டுத் தடவினால் குறுக்கே ஒரு சின்ன மேடு தட்டுப்படும். டயரின் விளிம்பில் டி.டபிள்யூ.ஐ. என்றோ ஒரு சிறு முக்கோணமாகவோ அது இருக்கும் இடத்தைக் குறித்திருப்பார்கள். பட்டன் அந்த மேட்டுக்குச் சமமாகத் தேய்ந்தால் டயரின் காலம் முடிந்தது. ஆனால் நம் ஊர் மழைக்கு அது வரை காத்திருக்கக் கூடாது என்பது என் கருத்து. 3 மில்லிமீட்டருக்கு வந்ததும், அதுவும் அக்டோபருக்கு முன் வந்துவிட்டால், மாற்றிவிடுங்கள். அளப்பதற்குக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு தீக்குச்சியைக் காடிக்குள் நேராக நிறுத்தி, பட்டனின் மேல்மட்டத்தில் நகத்தால் கீறி, பிள்ளையின் ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். நடுவில் ஒரு இடம், இரண்டு ஓரத்தில் ஒவ்வொரு இடம் என்று பார்க்க வேண்டும். உள் ஓரம் மட்டும் மொட்டையாக இருந்தால் வீல் அலைன்மென்ட் போயிருக்கிறது. அதைச் சரி செய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் அப்படியேதான் போகும்.

அடுத்தது, பழைய டயர். புதுப்பேட்டையிலும் நம் பக்கத்துப் பஞ்சர் கடைகளிலும் "பட்டன் ஃபுல்லா இருக்குண்ணே" என்று பாதி விலைக்குத் தருகிறார்கள். பட்டன் இருப்பது கண்ணுக்குத் தெரியும். ரப்பரின் வயது தெரியாது. டயரின் பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசியில் நான்கு எண்கள் இருக்கும். 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் சேர்ந்து ரப்பரை வருடா வருடம் இறுக்குகின்றன. இறுகிய ரப்பர் கல்லின் மேடு பள்ளத்துக்குள் இறங்காது, ஈரத்தில் பிடிக்காது. பட்டன் முழுதாக இருந்தாலும் அப்படித்தான். பக்கச் சுவரில் தலைமுடி மாதிரி கீறல் விழுந்திருந்தால் பேரமே பேசாமல் வந்துவிடுங்கள். கட்டைவிரல் நகத்தால் பட்டனை அழுத்திப் பாருங்கள். நல்ல ரப்பரில் தடம் பதிந்து மெல்ல மறையும். கட்டையாகிப்போன ரப்பரில் நகம்தான் வலிக்கும்.

இதைவிட மோசமானது ஒன்றும் நடக்கிறது. மொட்டையாகிவிட்ட கார் டயரில் சூடான கத்தியால் புதிதாகக் காடி கீறி, கறுப்புப் பாலிஷ் பூசி விற்கிறார்கள். கார் டயரின் அடியில் அப்படிக் கீறுவதற்கு ரப்பரே மிச்சம் இருக்காது. கத்தி நேராக உள்ளிருக்கும் கம்பி வலையைத் தொடும். காடிக்குள் நான் சொன்ன அந்தச் சின்ன மேடு இல்லையென்றால் அது கீறப்பட்ட டயர். வாங்காதீர்கள். லாரிக்கு முறையாகச் செய்யப்படும் ரீட்ரேடிங் வேறு, அது கெட்ட தொழில் அல்ல. நான் தொடக்கத்தில் சொன்ன மாதிரி இந்த ஊரின் டயர்த் தொழிலே அதற்கான ரப்பரைச் செய்துதான் வளர்ந்தது.

புது டயர் வாங்க இப்போது கொஞ்சம் கை கொடுத்திருக்கிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. வரிக்கு முன் 4,000 ரூபாய் விலையுள்ள டயரில் 400 ரூபாய் மிச்சம், நான்குக்கு 1,600. பழைய டயருக்கும் புது டயருக்கும் இருந்த இடைவெளியில் ஒரு பங்கு இதிலேயே அடைபட்டுவிட்டது. அந்தக் குறைப்பு உங்கள் பில்லில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். பில்லோடு வாங்குங்கள், பக்கச் சுவரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். செய்து ஆறு மாதத்துக்குள் உள்ள டயராகக் கேட்டு வாங்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

நான்கும் மாற்றக் காசு இல்லை, இரண்டு மட்டும் மாற்றுகிறோம் என்றால் எங்கே போடுவது? கடையில் தம்பி என்ன சொல்வான்? "அண்ணே, இன்ஜின் முன்னாடிதான் இழுக்குது, ஸ்டியரிங்கும் முன்னாடிதான், புதுசை முன்னாடியே போட்டுடறேன்." கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் முன் டயர் தண்ணீரில் மிதந்தால் வண்டி நேராகப் போகும். ஸ்டியரிங் லேசானதும் உங்களுக்குத் தெரிந்துவிடும், காலை எடுத்தால் பிடி திரும்பும். பின் டயர் மிதந்தால் எச்சரிக்கையே கிடையாது. வண்டியின் வால் சுழன்று அப்படியே பக்கவாட்டில் போகும். எண்ணூர் விரைவுச் சாலையில் ஒரு பக்கம் கடல் தடுப்புக் கல், மறு பக்கம் டிரெய்லர். சுழன்ற வண்டியைத் திருப்பிக் கொண்டுவர நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆகவே, "தம்பி, புதுசு ரெண்டும் பின்னாடி போடு, பின்னாடி இருக்கிறதை முன்னாடி கொண்டா" என்று சொல்லுங்கள். அவன் மறுத்துப் பேசினாலும் விடாதீர்கள்.

கடைசியாக, அரசாங்கத்திடமும் கம்பெனிகளிடமும் நாம் கேட்க வேண்டிய ஒன்று. நம் நாட்டில் ஈரப் பிடிக்கு இப்போது சட்டம் இருக்கிறது. ஏ.ஐ.எஸ். 142 என்ற தரநிலையைப் புதிய வடிவமைப்புகளுக்கு 2022 அக்டோபர் 1 முதலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்தவற்றுக்கு 2023-இலிருந்தும் கட்டாயமாக்கினார்கள். நனைத்த சாலையில் ஓட்டிப் பார்த்து, ஒரு குறைந்தபட்சப் பிடி இருந்தால்தான் அந்த டயரை விற்கலாம். நல்ல சட்டம், மனமார வரவேற்கிறேன். ஆனால் தேறியதா இல்லையா என்பது மட்டும்தான் அதில் தெரியும். மதிப்பெண் எவ்வளவு என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. சில டயர்களில் பி.இ.இ. நட்சத்திரம் ஒட்டி வருகிறது, ஃபிரிட்ஜில் இருப்பது போல. அந்த நட்சத்திரம் எரிபொருள் மிச்சத்துக்கானது. ஐந்து நட்சத்திரம் என்றால் மழையில் ஐந்து மடங்கு பிடிக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

ஐரோப்பாவில் 2012 முதல் ஒவ்வொரு கார் டயரிலும் ஈரப் பிடியை எழுத்தால் போட்டு விற்கிறார்கள். இப்போது ஏ முதல் ஈ வரை ஐந்து படிகள். 80 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்தால் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் மூன்று முதல் ஆறு மீட்டர் வரை வித்தியாசம். கடையில் நுழைகிற எவரும், ரப்பரைப் பற்றி ஒன்றும் தெரியாதவரும், அந்த எழுத்தைப் பார்த்து விலையோடு ஒப்பிட்டு வாங்கலாம். 2024 ஜூலையிலிருந்து ஒரு படி மேலே போய், புதிதாக அனுமதிக்கு வரும் கார் டயர்கள் தேய்ந்த நிலையிலும் ஈரத்தில் இவ்வளவு பிடிக்க வேண்டும் என்று விதித்துவிட்டார்கள்.

இங்கே அது ஏன் முடியாது? ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் கும்மிடிப்பூண்டிப் பக்கத்துத் தேர்வாய் கண்டிகையிலும் செய்யப்படும் டயர்கள் நம் துறைமுகங்கள் வழியாகக் கப்பலேறுகின்றன. ஐரோப்பாவுக்குப் போகிற டயரில் அந்த எழுத்து இருந்தாக வேண்டும். நம் ஆட்கள் செய்து, நம் சாலை வழியாக டிரெய்லரில் போகிற டயரின் ஈரப் பிடி அங்கே வாங்குகிறவருக்குத் தெரிகிறது, வருடத்தில் மூன்று மாதம் மழையில் நனைகிற ராயபுரத்துக்காரருக்குத் தெரிவதில்லை. இதைச் சரி செய்ய ஆலையில் புதிதாக எந்த இயந்திரமும் தேவையில்லை. சோதனை ஏற்கெனவே நடக்கிறது. கிடைத்த அளவை அச்சடித்து ஒட்ட வேண்டும், அவ்வளவுதான். ஓட்டுநர் சங்கங்கள் இதை மனுவாக எழுதிக் கொடுக்க முன்வந்தால், தொழில்நுட்ப விவரங்களை எழுதித் தருவது என் பொறுப்பு.

மழைக்கு இன்னும் சில வாரம் இருக்கிறது. ஆழம் அளக்கிற கருவியும் காற்றுமானியும் எடுத்து வந்திருக்கிறேன். வெளியே வண்டி நிறுத்தியிருப்பவர்கள் ஸ்டெப்னியையும் இறக்கி வையுங்கள். அதை யாரும் பார்ப்பதே இல்லை, பெரும்பாலும் அதுதான் வண்டியிலேயே வயதான டயராக இருக்கும். ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.